கொட்டகை அறையாகும்போது: மினசோட்டா பட்டறைகளின் குளிர்காலக் கணக்கு

அக்டோபர் பிறந்ததும் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்களிடையே ஒரே பேச்சுதான்: எத்தனை பி.டி.யு. (அங்கே வெப்பத்தை அளக்கும் அலகு) ஹீட்டர் வாங்குவது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. 30 அடிக்கு 40 அடி, சுவர் உயரம் 12 அடி என்று தோட்டத்தின் கோடியில் நிற்கும் ஒரு பட்டறைக்கு 8 கிலோவாட் போதும் என்று சொன்னாலும் சரிதான். 80 கிலோவாட் போதாது என்று சொன்னாலும் சரிதான். அளவு ஒன்று, ஊர் ஒன்று, குளிரும் ஒன்று. பத்து மடங்கு வித்தியாசம் வருவது சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து.

அங்கே கிராமப்புறத்தில் தச்சு வேலை, வெல்டிங், பழைய டிராக்டரைச் சீர்படுத்துவது எல்லாம் பெரும்பாலும் நடப்பது தூண் கொட்டகைகளில். பதப்படுத்திய மரத்தூண்களை மண்ணில் இறக்கி, குறுக்குச் சட்டங்கள் அடித்து, அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத எஃகுத் தகட்டைப் போர்த்துகிற கட்டடம் இது. 1930களில் பண்ணைகளுக்காக உருவெடுத்த முறை. வைக்கோலுக்கும் மாட்டுக்கும் எந்திரத்துக்கும் மலிவாக ஒரு கூரை வேண்டும் என்பதே அதன் நோக்கம். தூண்களை எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்பதை மட்டும் உறைபனி தீர்மானிக்கிறது: மாநிலக் கட்டட விதிப்படி தெற்கு மாவட்டங்களில் அடித்தளம் 42 அங்குலம், வடக்கில் 60 அங்குலம் கீழே போக வேண்டும். அதற்கு மேலே நிலம் உறைந்து எழும்பும். எழும்பும்போது கட்டடத்தையும் சேர்த்துத் தூக்கும்.

இந்தக் கொட்டகை மூச்சு விடுவதற்காகவே கட்டப்படுகிறது. இறவாணத்திலும் கூரை முகட்டிலும் வேண்டுமென்றே இடைவெளி விடுவார்கள். வைக்கோலின் ஈரமும் மாடுகளின் மூச்சும் வெளியேறாவிட்டால் எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு சனவரியில் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே நின்று மரம் இழைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதுதான் இங்கே உள்ள சிக்கல். கொட்டகைக்கும் அறைக்கும் இலக்கணம் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றாமல் ஹீட்டரை மட்டும் பெரிதாக்கினால், ஊரைச் சூடாக்கலாம்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். மாநிலத்தின் பெரிய நகரமான மினியாபோலிஸில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 9 பாகை செல்சியஸ். கடுங்குளிர் இரவுகளில் மைனஸ் 25 வரை இறங்கும். உள்ளே 15 பாகை வேண்டும் என்றால் வித்தியாசம் 40. வெறும் தகட்டுச் சுவரும் தகட்டுக் கூரையும் மட்டும் என்றால், அந்த இரவில் அவற்றின் வழியாக மட்டுமே 75 கிலோவாட் அளவுக்கு வெப்பம் ஓடிவிடும். இடுக்குகள் வழியே நுழையும் காற்றைச் சூடாக்குவது தனி. அதே கட்டடத்தில் சுவருக்குள் 6 அங்குலம் கண்ணாடி இழைப் பஞ்சு, உட்கூரைக்கு மேல் ஓரடி உயரத்துக்குத் தூவிய காகிதக் கூழ்ப் பஞ்சு, தரை விளிம்பில் நுரைப்பலகை, ஒழுங்காக மூடும் கதவு என்று செய்துவிட்டால் மொத்த இழப்பு ஏறக்குறைய 8 கிலோவாட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த எட்டில் உட்கூரைக்குப் போவது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு, சுவர்களுக்கு 2, தரை விளிம்புக்கு ஒன்றரை, சன்னல், கதவுகளுக்கு ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்கு மட்டும் கிட்டத்தட்ட 2.7 கிலோவாட். ஆக, பஞ்சை எல்லாம் அடைத்து முடித்த பிறகு பட்டியலில் முதலிடம் பிடிப்பது காற்றுதான். பஞ்சின் தடிமனை இன்னும் கூட்டுவதைவிட, தகட்டின் மடிப்புகளுக்கு அடியிலும் பெரிய கதவின் நான்கு ஓரங்களிலும் ரப்பர் பட்டை ஒட்டுவது அதிகப் பயன் தரும். விற்பனைத் தாளில் கதவுக்குப் போட்டிருக்கும் வெப்பத்தடை எண் பலகையின் நடுப்பகுதிக்கு உரியது. ஓரத்தில் வெளிச்சம் தெரிகிற கதவுக்கு அந்த எண் இருந்தும் பயனில்லை.

உட்கூரை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. கொட்டகைக்கென்று செய்யப்படும் முக்கோணக் கூரைச் சட்டங்கள் மேலே விழும் பனியின் எடையைத் தாங்கும்; கீழே தொங்கவிடும் எடைக்காக அவற்றைக் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். ஜிப்சம் பலகையும் அதன் மேல் பஞ்சும் சேர்ந்தால் சதுர அடிக்கு ஏறக்குறைய 4 பவுண்டு. 1,200 சதுர அடிக்கு இரண்டு டன்னைத் தாண்டும். கட்டும்போதே ‘உட்கூரை வரும்’ என்று சொல்லி வாங்கியிருந்தால் சட்டத்தின் விலை சற்றே கூடியிருக்கும், அவ்வளவுதான். பின்னால் நினைத்துக்கொண்டால் பொறியாளரைக் கூப்பிட்டு ஒவ்வொரு சட்டத்தையும் வலுப்படுத்த வேண்டும்.

தரைக்கும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. கான்கிரீட் ஊற்றிய பிறகு அதன் அடியில் எதையும் செருக முடியாது. மண்ணின் மேல் ஈரத்தைத் தடுக்கும் பாலித்தீன் விரிப்பு, இரண்டு அங்குல நுரைப்பலகை, விளிம்பைச் சுற்றிலும் அதே பலகை: இவை மூன்றும் கான்கிரீட் வண்டி வருவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். தரையின் வெப்பம் நேர் கீழே போவதைவிட விளிம்பு வழியாகப் பக்கவாட்டில் போவதுதான் அதிகம். ஆழத்து மண் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருக்கும், விளிம்புக்கு வெளியே மைனஸ் 25. கையில் பணம் குறைவாக இருப்பவர் நடுவில் விட்டுவிட்டாலும் விளிம்பில் விடக்கூடாது.

இதே சமயத்தில் எழும் இன்னொரு கேள்வி, தளத்துக்குள் வெந்நீர்க் குழாய் பதிப்பதா என்பது. இது புதிய யோசனையன்று. ரோமானியக் குளியலறைகளிலும் கொரிய வீடுகளிலும் தரைக்கடியில் அனல் ஓடியது. கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட், 1937இல் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் கட்டிய ஜேக்கப்ஸ் வீட்டில் தரைவழிக் கணப்பை வைத்தார். 1947இல் தொடங்கி நியூயார்க்குக்கு அருகே ஆயிரக்கணக்கில் எழுந்த லெவிட்டவுன் வீடுகளில் கான்கிரீட்டுக்குள் செப்புக் குழாய்களைப் பதித்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றில் பல ஒழுகின. கான்கிரீட்டை உடைக்காமல் சரிசெய்ய வழியில்லை என்பதால், அமெரிக்காவில் இந்த முறைக்கே கெட்ட பெயர் வந்தது. அதை மீட்டது பெக்ஸ் எனப்படும் குறுக்குப் பிணைப்புப் பாலித்தீன் குழாய். அது அரிக்காது, தளத்துக்குள் இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாக வளைத்து வளைத்துப் பதிக்கலாம்.

தரைக் கணப்பின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 1,200 சதுர அடியில் 4 அங்குலத் தளம் என்றால் சுமார் 27 டன் கான்கிரீட். அதை ஒரு பாகை உயர்த்த ஆறரை யூனிட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். அந்தப் பட்டறைக்குள் இருக்கும் மொத்தக் காற்றையும் மைனஸ் 25இலிருந்து 15 பாகைக்கு உயர்த்தவோ ஆறு யூனிட் இருந்தால் போதும். டிராக்டரை உள்ளே கொண்டுவரப் பெரிய கதவைத் திறந்து, உள்ளிருந்த வெப்பக் காற்று அத்தனையும் போய்விட்டாலும், கதவை மூடிய பின் தளம் தன்னிடமிருந்து ஒரு பாகையைக் கொடுத்தே பட்டறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கணப்பில்லாத கான்கிரீட்டில் நாள் முழுக்க நின்றவர்களுக்குக் கால் விறைப்பது என்னவென்று தெரியும். அவர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வரை குளிர விட்டுவிட்டுச் சனிக்கிழமை காலை பொத்தானைத் தட்டுபவருக்கு இது உதவாது. 10 பாகை ஏற்றுவதற்குத் தளம் மட்டுமே 66 யூனிட் கேட்கும். 10 கிலோவாட் பாய்லர் வைத்திருப்பவர் சனி இரவு வரை காத்திருக்க வேண்டியதுதான். தினமும் வேலை செய்பவருக்கு மட்டுமே தரைக் கணப்பு என்பது என் கட்சி. குழாயை மட்டும் பதித்து வைத்துவிட்டுப் பாய்லரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்போரும் உண்டு. குழாய் மலிவு, அடியில் நுரைப்பலகை இருக்கிறது என்றால் அதில் தவறில்லை.

இனி நீருக்கு வருவோம். குளிர்காலப் பட்டறையில் பொருளைக் கெடுப்பது குளிரைவிட நீர்தான், அதைப் பற்றித்தான் யாரும் முதலில் கேட்பதில்லை.

புகைபோக்கி இல்லாமல் அறைக்குள்ளேயே எரியும் புரொப்பேன் ஊது ஹீட்டர்களை அமெரிக்கக் கடைகளில் எங்கும் வாங்கலாம். மலிவு, பாய்ந்து சுடும், உடனே பலன். ஆனால் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒரு கிலோ 600 கிராம் நீர் நீராவியாகப் பிறக்கிறது. நம் வீடுகளுக்கு வரும் 14.2 கிலோ சமையல் சிலிண்டர் முழுவதும் எரிந்து முடிந்தால் 22 லிட்டருக்கு மேல் நீர், அதாவது ஒரு பெரிய தண்ணீர் கேன் நிறையும் அளவு. சமையலறையில் சன்னல் திறந்திருப்பதால் நாம் அதை உணர்வதில்லை. 60,000 பி.டி.யு. ஊது ஹீட்டர், மூடிய பட்டறைக்குள் மணிக்கு இரண்டு லிட்டர் நீரைக் காற்றில் கலக்கிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடையும், எரிதல் சரியில்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடையும்.

அந்த நீராவி சும்மா இருக்காது. 15 பாகையில், 60 விழுக்காடு ஈரப்பதத்தில் உள்ள காற்று, ஏழு பாகைக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் நீரை இறக்கிவிடும். இரவெல்லாம் உறைந்து கிடந்த வட்ட ரம்பத்தின் வார்ப்பிரும்பு மேசை, ஹீட்டரைப் போட்டு அரை மணியில் காற்று சூடான பின்னும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர்ப் பாட்டில்போல அது வியர்க்கும். மறுநாள் காலையில் செம்பழுப்பாய்த் துரு. கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தில் இதே நீர் வெண்பனியாய்ப் படியும். சில நாள் சேர்ந்து, வெயில் அடித்த ஒரு மதியத்தில் மொத்தமாக உருகி, வெளியே வானம் நீலமாய் இருக்கும்போதே உள்ளே மழை பெய்யும். கூரை ஓட்டை என்று நினைத்து ஏணி போட்டு ஏறிப் பசை பூசுவோர் உண்டு.

கண்ணாடி இழைப் பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. அதனால்தான் பஞ்சுக்கும் உட்பலகைக்கும் நடுவே, வெப்பமான பக்கத்தில், பாலித்தீன் தாளை ஓட்டை உடைசல் இல்லாமல் விரிக்கச் சொல்கிறார்கள். தாளை மறந்துவிட்டால், ஈரக்காற்று பஞ்சுக்குள் ஊடுருவி வெளித்தகட்டைத் தொட்டு நீராகி, பஞ்சு நனைந்து, நனைந்த பஞ்சு வெப்பத்தையும் விட்டுவிடும். எந்தப் பக்கம் தாள் என்பது ஊரைப் பொறுத்தது. சென்னையில் குளிரூட்டிய அறைக்கு ஈரமும் வெப்பமும் வெளியிலிருந்து வருவதால் தடுப்பும் வெளிப்பக்கம்தான் வர வேண்டும். மினசோட்டாவுக்கென்று எழுதிய குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே பின்பற்றினால் சுவர் அழுகும்.

இதில் ஒரு முரண் உண்டு. புகைபோக்கியுள்ள ஹீட்டருக்கு மாறிய கையோடு பிரச்சினை தலைகீழாகிறது. மைனஸ் 20 பாகைக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஒரு கிராம் அளவுதான் நீராவி இருக்கும். அதே காற்றை 15 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் பத்து விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். கோடையில் 12 விழுக்காடு ஈரத்தோடு வாங்கி அடுக்கிய பலகை, காய்ந்த அறையில் 6 விழுக்காட்டை நோக்கி இறங்கும். சுருங்கும், வளையும், முனைகளில் வெடிக்கும். தச்சருக்கு அதிக ஈரமும் ஆகாது, அதிக வறட்சியும் ஆகாது. மலிவான ஓர் ஈரப்பதமானியைச் சுவரில் மாட்டிவைப்பது, ஹீட்டரின் விளம்பரத்தாளை நூறு தடவை படிப்பதைவிட உபயோகமானது.

அடுத்தது தூசி. தச்சுப் பட்டறையைச் சூடாக்குவதில் மிகப் பெரிய எதிரி ஹீட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது: தூள் உறிஞ்சும் எந்திரம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995இல் சேர்த்தது, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறது. ஆகவே உறிஞ்சிய காற்றை வடிகட்டிக்கொண்டிராமல் நேராக வெளியே தள்ளிவிடுவதுதான் நுரையீரலுக்கு உத்தமம். ஆனால் நிமிடத்துக்கு 1,000 கனஅடி இழுக்கும் எந்திரம் நம் பட்டறையின் 14,400 கனஅடிக் காற்றைக் கால் மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். அதற்கு ஈடாக உள்ளே வரும் மைனஸ் 25 பாகைக் காற்றைச் சூடாக்க ஏறக்குறைய 23 கிலோவாட் வேண்டும். கட்டடம் முழுவதும் சேர்ந்து இழப்பது எட்டுதான் என்று பார்த்தோம். ரம்பம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அதைப் போல மூன்று மடங்கு வெப்பம் ஒரு குழாய் வழியாக வெளியேறுகிறது.

செலவு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இடுக்கெல்லாம் அடைத்த பட்டறையிலிருந்து இவ்வளவு காற்றை உறிஞ்சினால் உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று எந்த வழி கிடைத்தாலும் நுழையப் பார்க்கும். மிகச் சுலபமான வழி ஹீட்டரின் புகைபோக்கி. மேலே போக வேண்டிய புகை கீழே திரும்பி, கார்பன் மோனாக்சைடோடு அறைக்குள் இறங்கும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. எனவே வெளியே தள்ளும் தூள் எந்திரமும் சாதாரணப் புகைபோக்கி ஹீட்டரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. எரிவதற்கான காற்றைத் தனிக் குழாய் வழியே வெளியிலிருந்து இழுத்து, புகையையும் தனிக் குழாயில் விடும் மூடிய வகை ஹீட்டர் என்றால் இந்த ஆபத்து நீங்கும். குளிர்காலத்தில் மட்டும் உறிஞ்சிய காற்றை நல்ல நுண்வடிகட்டி வழியே மறுபடி உள்ளே விடுவதும், முகக்கவசம் போட்டுக்கொள்வதும் பலர் செய்துகொள்ளும் சமரசம். வடிகட்டியில் கஞ்சத்தனம் பார்த்தால் அந்தச் சமரசத்துக்கு அர்த்தமில்லை.

ஹீட்டர் வகைகளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கூரையிலிருந்து தொங்கும் எரிவாயு ஊது ஹீட்டர் பத்தில் எட்டுப் பேருக்குச் சரியாக இருக்கும். அகச்சிவப்புக் குழாய் ஹீட்டர் காற்றை விட்டுவிட்டு ஆளையும் மேசையையும் நேராகச் சூடாக்கும். கதவு அடிக்கடி திறக்கும் இடத்துக்கு நல்லது, கூரை தாழ்வாக இருந்தால் தலை எரியும். விறகடுப்புக்கு ஒரு அழகு உண்டு, ஆனால் மரத்தூளும் தின்னரும் உள்ள இடத்தில் திறந்த நெருப்பு என்றால் காப்பீட்டு நிறுவனங்கள் முகம் சுளிக்கும். கராஜில் தீப்பொறி எழக்கூடிய கருவியைத் தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் வைக்கச் சொல்லும் அமெரிக்க விதிக்கும் காரணம் இதை ஒட்டியதே: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் குளிர்நாட்டு வெப்பப் பம்புகள் மைனஸ் 15இல்கூட ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு யூனிட் வெப்பம் தருகின்றன. குளிர் இன்னும் கூடும்போது பலம் குறையும், அப்போது துணைக்கு ஒன்று தேவைப்படும்.

எரிபொருளில் ஒன்றையே நம்பியிருப்பதன் விலையை மத்திய மேற்கு மாநிலங்கள் 2014 சனவரியில் கண்டன. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் மக்காச்சோள அறுவடை ஈரமாக வந்து, அதை உலர்த்தவே ஏராளமான புரொப்பேன் செலவாகிவிட்டது. கையிருப்பு வற்றிய நேரத்தில் துருவக் குளிர்காற்று இறங்கியது. சில மாதங்களுக்கு முன் 2 டாலருக்குக் குறைவாக இருந்த ஒரு கேலன் 4 டாலரைத் தாண்டியது. நன்றாகக் காப்பிட்ட பட்டறைக்காரருக்கு அந்த மாதம் கையைக் கடித்தது. தகட்டுக் கொட்டகைக்காரர் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போனார்.

வேலை இல்லாத நாள்களில் எந்த வெப்பநிலையில் விட்டுவைப்பது? வெள்ளை மரப்பசைகளில் பெரும்பாலானவை 10 பாகையை ஒட்டிய ஓர் எல்லைக்குக் கீழே சரியாகப் பிடிக்காமல் சுண்ணாம்புபோல் வெளுத்துப் போகும். நீர் கலந்த பெயிண்ட் உறைந்தால் பெரும்பாலும் மறுபடி உயிர் பெறாது. 8 பாகையில் எப்போதும் வைத்திருந்தால் பெயிண்ட் உறையாது, வார்ப்பிரும்பும் வியர்க்காது. பசையை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஒட்டும் நாளில் அறையைச் சற்று ஏற்றிக்கொள்ளலாம். சராசரிச் சனவரியில் நம் பட்டறையை நாள் முழுக்க 15இல் வைத்திருக்க மாதம் 3,400 யூனிட் வெப்பம் தேவை என்றால், 8இல் வைத்திருக்க 2,400 போதும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று, 1,200 சதுர அடியும் சூடாக இருக்க வேண்டுமா என்பது. டிராக்டருக்கும் பலகை அடுக்குக்கும் குளிர் ஒரு பொருட்டன்று. கொட்டகையின் ஒரு மூலையில் 20 அடிக்கு 20 அடி, 9 அடி உயரத்தில் பஞ்சடைத்த தனி அறை ஒன்றை எழுப்பி, வேலை மேசையையும் ரம்பத்தையும் கைக்கருவிகளையும் அதற்குள் வைத்துக்கொண்டால், மைனஸ் 25 இரவிலும் அதன் தேவை 3 கிலோவாட். அமெரிக்கச் சுவர்ச் செருகியில் மாட்டும் 1,500 வாட் மின் ஹீட்டர்கள் இரண்டு அதற்குப் போதும், ஒவ்வொன்றையும் தனித்தனி மின்சுற்றில் மாட்டினால். மீதி 800 சதுர அடி, கட்டப்பட்ட நோக்கப்படியே, கொட்டகையாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். மிக நீளமான பலகையை வெட்ட வேண்டி வரும்போது மட்டும் அறைக்கதவைத் திறந்துவைத்து, கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும்.